தாழியும் தாய்மொழியும்: சோவியத் கால ககேத்தியில் வீட்டு ஒயின்

ஜார்ஜியா நாட்டின் கிழக்குப் பக்கத்தில், அலசானி ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய ககேத்திப் பகுதியில் ஒயின் செய்யப் பழகும் பிள்ளைக்கு முதலில் கிடைக்கும் வேலை தாழி கழுவுவதுதான். க்வெவ்ரி என்று அவர்கள் சொல்லும் மண் தாழி கழுத்துவரை தரைக்குள் புதைந்திருக்கும். அடி கூம்பாகக் குறுகி, வயிறு அகன்று, வாய் மறுபடி ஒடுங்கும். வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் 200 லிட்டரிலிருந்து 1,500 லிட்டர் வரை கொள்ளும். பெரியவர்களின் தோள் நுழையாத வாயில் பிள்ளைகளின் தோள் நுழைந்துவிடும். அதனால் பள்ளியில் பயனியர் இயக்கம் என்ற சோவியத் சிறுவர் அமைப்பின் சிவப்புக் கழுத்துத் துணி கட்டும் வயதிலேயே பல பிள்ளைகளுக்குத் தாழிக்குள் இறங்கிச் சுரண்டத் தெரிந்திருந்தது.

1930-களில் நிலம் கூட்டுப் பண்ணைக்குப் போனது. வீட்டைச் சுற்றிய கொல்லை மட்டும் குடும்பத்திடம் நின்றது. விதிப்படி அது பொதுவாகக் கால் ஹெக்டேரிலிருந்து அரை ஹெக்டேர் வரை. அந்தக் கொல்லையில் சில வரிசை திராட்சைக் கொடி, ஓரமாக மரானி என்னும் ஒயின் கொட்டகை, அதன் தரைக்குள் நாலைந்து தாழிகள். க்வெவ்ரி முறையை 2013-இல் யுனெஸ்கோ மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. சோவியத் காலத்தில் அதை உயிரோடு வைத்திருந்தவை பெரும்பாலும் இந்தக் கொல்லைகள்தான். ஏன் பிழைத்தது என்று கேட்டால் எங்கள் பதில் இது: ஒவ்வொரு படிக்கும் அளவும் காரணமும் பெயரும் வீட்டில் இருந்தன, அவற்றைச் சொல்லித் தர ஒரு மொழியும் இருந்தது. ஆகவே அந்தப் படிகளையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

கழுவுவதில் பாதி வெற்றி இருக்கிறது. பழைய ஒயினை எடுத்த அன்றே தாழியைத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். மண்டி காய்ந்து ஒட்டிவிட்டால் பூஞ்சை பிடிக்கும், அந்த நெடி மண்ணின் நுண்துளைக்குள் இறங்கிவிடும். அலசியபின் சாம்பல் கரைத்த சுடுதண்ணீரோ நீர்த்த சுண்ணாம்புத் தண்ணீரோ ஊற்றி, சார்த்ஸ்கி என்னும் தேய்ப்பானால் சுவரைத் தேய்ப்பார்கள். செர்ரி மரப்பட்டையைக் கையகலத் துண்டுகளாக வெட்டி, பல அடுக்காகச் சேர்த்து, நடுவில் துளையிட்டு நீண்ட கழியில் கோத்தால் சார்த்ஸ்கி. பட்டையின் ஓரம் அழுக்கைச் சுரண்டும், ஆனால் உள்ளே பூசிய தேன்மெழுகைக் கீறாது. கம்பி பிரஷ் போட்டால் மெழுகு போய்விடும். சோப்புத்தூள் அறவே கூடாது, மண் அதை உறிஞ்சிக்கொண்டு அடுத்த வருட ஒயினுக்குத் திருப்பிக் கொடுக்கும். கடைசியாக அலசிய தண்ணீரை ஒரு கோப்பையில் எடுத்துக் குடித்துப் பார்ப்பார்கள். வாசனையும் ருசியும் இல்லாமல் வெறும் தண்ணீராக இருந்தால்தான் வேலை முடிந்தது. பிறகு ஒரு துண்டு கந்தகத் திரியை உள்ளே எரித்து மூடி வைப்பார்கள். நிரப்புவதற்கு முன் மறுபடி அலசல்.

இந்த வேலையில் உயிருக்கே ஆபத்து உண்டு. புளிப்பு ஓடிய தாழிக்குள்ளும், பக்கத்துத் தாழி பொங்கிக்கொண்டிருக்கும் கொட்டகைக்குள்ளும் கரியமில வாயு கீழே தேங்கி நிற்கும். காற்றைவிடக் கனமானதால் தானாக மேலே வராது. மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். சுடர் அணைந்தால் இறங்கக் கூடாது என்பது சரி, அணையவில்லை என்பதற்காக இறங்கலாம் என்பது தவறு. சுடர் நிற்கும் காற்றிலேயே மனிதனுக்கு மயக்கம் வரலாம். மின்விசிறியின் குழாயை அடிவரை விட்டு நன்றாகக் காற்று ஓட்டிவிட்டு, இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை மேலே ஒருவர் பிடித்திருக்க இறங்க வேண்டும். உள்ளே இருப்பவர் சரிந்தால் மேலே இருப்பவர் குதிக்கக் கூடாது, கயிற்றை இழுக்க வேண்டும். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போவதுதான் இத்தொழிலில் மிகப் பெரிய துயரம். பிள்ளைகளை இறக்கும் பழைய வழக்கத்தை நாங்கள் யாருக்கும் சொல்ல மாட்டோம். நீண்ட கழியும் அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீரும் அந்த வேலையைச் செய்யும்.

தாழி வாங்குபவர்கள் பார்க்க வேண்டியது மெழுகு. மேற்கு ஜார்ஜியாவின் இமெரெத்தியில் ஷ்ரோஷா, ககேத்தியில் வர்திசுபானி போன்ற ஊர்களில் தாழி செய்யும் குடும்பங்கள் இன்றும் உண்டு. சக்கரம் கிடையாது. மண்ணைத் திரித்து வளையம் வளையமாக ஏற்றுவார்கள். ஒரு வளையம் இறுகாமல் அடுத்ததை வைத்தால் கீழே இருப்பது சரியும் என்பதால் பெரிய தாழி எழும்ப வாரக்கணக்காகும். சூளையில் வெந்து, ஆறி வரும்போது, இன்னும் கை பொறுக்கும் சூடு இருக்கையிலேயே உருக்கிய தேன்மெழுகைத் தடவ வேண்டும். சூடு சரியாக இருந்தால் மெழுகு துளைக்குள் போய்விடும், மேலே படலமாக நிற்காது. ஆறிய சுவரில் தடவினால் ஏடாக நின்று பிற்பாடு உரியும், உரிந்த இடுக்கில் கிருமி குடியேறும். நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். மெழுகு சுருண்டு வந்தால் அந்தத் தாழி வேண்டாம். புதைப்பதற்கு முன் வெளிப்பக்கம் சுண்ணாம்புக் கலவை பூசுவது விரிசலைத் தடுக்கும், மண்ணின் ஈரம் உள்ளே வராமலும் பார்த்துக்கொள்ளும்.

அறுவடைக்கு ரித்வேலி என்று பெயர். ககேத்தியில் செப்டம்பரில் தொடங்கி அக்டோபர் நடுவரை போகும். வெள்ளை ஒயினுக்கு ரிகாட்ஸித்தேலி ரகத் திராட்சை, சிவப்புக்கு சாப்பெராவி. சாறின் சர்க்கரை 22 முதல் 24 பிரிக்ஸ் (நூறு கிராம் சாற்றில் ஏறக்குறைய அத்தனை கிராம் சர்க்கரை) இருந்தால் சுமார் 12.5 முதல் 13.5 சதவீத ஆல்கஹால் வரும். 1 டன் திராட்சை ஏறக்குறைய 600 முதல் 700 லிட்டர் கொடுக்கும், அந்தக் கணக்கில் தாழியைத் தயார் செய்ய வேண்டும். சத்ஸ்னாகேலி என்பது ஒரே அடிமரத்தைக் குடைந்து செய்த நீண்ட தொட்டி. அதில் பழத்தைக் கொட்டிக் காலால் மிதிப்பார்கள். காலால் மிதிப்பது சடங்குக்காக என்று நினைக்க வேண்டாம். விதை நசுங்காமல் தோல் மட்டும் கிழிவதற்கு அதைவிட நல்ல கருவி இல்லை. விதை உடைந்தால் அதன் எண்ணெயும் கசப்பும் ஒயினில் இறங்கும்.

ககேத்தி முறையில் சாறு, தோல், விதை, குலைக்காம்பு எல்லாமே தாழிக்குள் போகும். இதில் சாறு நீங்கலான சக்கைக்கு சாச்சா என்று பெயர், பின்னால் அதிலிருந்து வடிக்கும் சாராயத்துக்கும் அதே பெயர். மேற்கே இமெரெத்தியில் சக்கையில் சிறு பங்கை மட்டுமே சேர்ப்பார்கள், காம்பு சேர்ப்பதில்லை. அந்த ஊர்க் குளிரிலும் ஈரத்திலும் காம்பு பச்சையாகவே நின்றுவிடும் என்பது காரணம். ககேத்தியிலும் பழுப்பாக முற்றிய காம்பை மட்டும் எடுத்து, பச்சைக் காம்பைத் தள்ளிவிட வேண்டும். இந்த ஒரு தேர்வைச் சோம்பலில் விட்டவர்களின் ஒயின் நாக்கைச் சுருட்டும், எத்தனை வருடம் வைத்தாலும் அது மாறாது.

தாழியை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை, தோலில் இருப்பதே போதும். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் நுரை கட்டும். தோலெல்லாம் மேலே மிதந்து கனத்த தொப்பியாகத் திரளும். அந்தத் தொப்பிதான் கண்காணிக்க வேண்டிய இடம். அது காற்றில் காய்ந்தால் காடி வாசனை பிறக்கும், அடியில் சூடும் தேங்கும். நாளுக்கு மூன்றிலிருந்து ஐந்து முறை, இரவில் ஒரு தரம் உட்பட, முனை அகன்ற கழியால் அமிழ்த்த வேண்டும். நடுவில் குத்தினால் போதாது. சுவரை ஒட்டிச் சுற்றிவர அமிழ்த்தினால்தான் முழுத் தொப்பியும் நனையும். கழி இறங்கும்போது மொறுமொறுவென்று எதிர்த்தால் பொங்கல் உச்சத்தில் இருக்கிறது. கழி தானாக வழுக்கி இறங்கினால் முடிவுக்கு வந்துவிட்டது. சுற்றியுள்ள மண் 14, 15 டிகிரியில் நிற்பதால் சூட்டைத் தாழி தானே இறக்கிக்கொள்ளும். ஆனால் 2,000 லிட்டருக்கு மேல் போனால் நடுவிலிருக்கும் சூட்டை மண்ணால் இழுக்க முடியாது. 30 டிகிரி தாண்டினால் ஈஸ்ட் சோர்ந்து சர்க்கரை மிச்சம் நிற்கும், அதைத் தின்ன வேறு கிருமிகள் வரும். புதிதாகத் தொடங்குபவர்கள் 300 முதல் 800 லிட்டர் தாழியோடு நிற்பது நல்லது.

சில வாரங்களில் தோல் அமிழும். அப்போது விளிம்புவரை நிரப்ப வேண்டும். இதற்கென்றே பக்கத்தில் சிறு தாழியில் அதே ஒயின் வைத்திருப்பார்கள். வாயைச் சுற்றி ஈரக் களிமண் வளையம் வைத்து, அதன்மேல் பலகைக்கல் மூடி, மூடியின்மேல் மணல். மணல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்தால் களிமண் வெடிக்கும், முடி அளவு விரிசல் போதும், வசந்தத்தில் மேலே வெள்ளைப் படலம் நிற்கும். உள்ளே நடப்பதைச் சொன்னால் கூம்பு அடி ஏன் என்று புரியும். முதலில் விதை கீழ்முனைக்கு உருண்டு போகும். அதன்மேல் மண்டி படிந்து விதையைப் போர்த்திவிடும். அதனால் ஐந்தாறு மாதம் கிடந்தாலும் விதையின் கசப்பு ஒயினில் அளவாகவே இறங்குகிறது. தட்டை அடிப் பாத்திரத்தில் இந்தப் போர்வை சரியாக அமையாது. மண் தாழி கிடைக்காமல் எஃகு டிரம்மில் இதைச் செய்து பார்ப்பவர்கள் கசப்பைப் பற்றியே அதிகம் புகார் சொல்கிறார்கள்.

மார்ச், ஏப்ரலில் திறப்பு. தெளிந்த மேல்பாகத்தை நீண்ட காம்பு கட்டிய சுரைக்குடுவையால், இன்று பம்பால், வேறு சுத்தமான தாழிக்கு மாற்றுவார்கள். வெள்ளைத் திராட்சைதான் என்றாலும் நிறம் தேன் போலவோ தேநீர் போலவோ இருக்கும். திறந்ததும் காடி நெடி அடித்தால் திருத்த வழியில்லை, காடியாகவே வைத்துக்கொள்ளலாம். விழுங்கிய பிறகு தொண்டையில் எலிப்புழுக்கை போன்ற வாடை எழும்பினால் அது லாக்டிக் கிருமிகளின் வேலை. மோந்து பார்க்கையில் தெரியாது, அதனால் பலர் ஏமாந்துபோய் வாங்குகிறார்கள். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 3.7-க்கு மேல் ஏறிய (புளிப்பு குறைந்த) ஒயினில் இது அடிக்கடி வரும். ஆகவே பழம் பறிக்கும் நாளிலேயே பிஎச் பார்த்துவிட வேண்டும், மாற்றி ஊற்றும்போது லிட்டருக்கு 30, 40 மில்லிகிராம் கந்தக டை ஆக்சைடு சேர்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கந்தகமே தொடாமல் செய்வது பெருமைதான், ஆனால் அது பழமும் தாழியும் குறையில்லாமல் இருந்தால் மட்டும் தாங்கும் பெருமை.

இனி கூட்டுப் பண்ணையின் பக்கம். வீட்டில் அப்படிச் செய்த அதே கைகள் பண்ணையில் வேறு விதமாக வேலை செய்தன, அதற்கும் அளவுதான் காரணம். ஆலைக்கு வேண்டியது டன் கணக்கு. ஹெக்டேருக்கு எவ்வளவு எடை என்பதே இலக்கு என்றால் கொடியைக் கவாத்து செய்யும்போது மொட்டுக் கண்களைக் கூடுதலாக விடுவார்கள், குலை பெருகும், சர்க்கரை இறங்கும். இன்று சினந்தாலி போன்ற பெயர் காக்கப்பட்ட ஒயின்களுக்கு ஹெக்டேருக்கு 8 டன் என்று உச்சவரம்பு வைத்திருப்பது இந்தப் பழக்கத்துக்கு எதிராகத்தான். பறித்த பழம் லாரியில் ஆலை வாசலில் வரிசையில் நிற்கும். வெயிலில் அடிப்பழம் நசுங்கி அங்கேயே புளிக்கத் தொடங்கும். சீக்கிரம் பழுக்காத, கொஞ்சமாகக் காய்க்கும் உள்ளூர் ரகங்கள் திட்டத்துக்குள் வரவே இல்லை. ஜார்ஜியாவில் 500-க்கு மேற்பட்ட ரகங்கள் உண்டு. பண்ணைகள் நட்டது பெரும்பாலும் ரிகாட்ஸித்தேலியும் சாப்பெராவியும். சினந்தாலி எண் 1, முக்குசானி எண் 4, க்வான்ச்கரா எண் 20 என்று ஒயின்களுக்கு எண் போட்டு சோவியத் ஒன்றியம் முழுக்க அனுப்பினார்கள். நல்ல ஆலைகளும் நல்ல தொழில்நுட்பர்களும் இருந்தார்கள், அதை மறுப்பது அநியாயம். ஆனால் அந்த ஏற்பாடு சுவைக்குப் பரிசு தரவில்லை, எடைக்குத் தந்தது.

பண்ணையின் அறுவடைக்கு மாணவர்களையும் அனுப்பினார்கள். பகலில் பண்ணை வரிசையில் வாளியை நிரப்பிய பிள்ளை, மாலையில் வீட்டுக் கொல்லையில் குலை குலையாகப் பார்த்துப் பொறுக்கியது. ஒரே பழத்தை இரண்டு விதமாக நடத்தலாம் என்பதை அவர்கள் பாடப்புத்தகம் இல்லாமல் தெரிந்துகொண்டார்கள்.

1985 மே மாதம் சோவியத் தலைவர் கோர்பச்சேவின் மதுவிலக்கு நடவடிக்கை வந்தது. வோட்காவைக் குறைக்க எடுத்த முடிவின் அடி ஒயின் நாடுகளின்மேல் விழுந்தது. மால்டோவாவிலும் உக்ரைனிலும் ஜார்ஜியாவிலும் திராட்சைத் தோட்டங்களை வேரோடு பிடுங்கினார்கள். ஒரு கொடி பலன் தர மூன்று நான்கு ஆண்டுகள், அடர்ந்த சுவை தர பதினைந்து இருபது ஆண்டுகள் ஆகும். பிடுங்க ஒரு டிராக்டரும் ஒரு காலைப்பொழுதும் போதும். அந்தக் கொள்கையை நல்லெண்ணம் என்று பேசுபவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை.

மொழியின் கதையும் இதே வீடுகளில்தான் நடந்தது. 1930-களின் இறுதியில் ஒன்றியத்தின் பல மொழிகளை ரஷ்ய எழுத்துக்கு மாற்றினார்கள். ஜார்ஜியமும் ஆர்மீனியமும் தங்கள் எழுத்தோடு நின்றன. பள்ளிப் படிப்பு ஜார்ஜியத்தில் கிடைத்தது. யாக்கோப் கோகெபாஷ்விலி 1876-இல் எழுதிய ‘தேதா ஏனா’ என்னும் அரிச்சுவடியின் வழியில் பிள்ளைகள் 33 எழுத்துகளையும் படித்தார்கள். ஆனால் மேலே ஏற ஏற ரஷ்யம் தேவைப்பட்டது. ராணுவம், மாஸ்கோவின் படிப்பு, பெரிய பதவி எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான். 1970-களின் நடுவில் ஆய்வேடுகளையும் ரஷ்யத்தில் தர வேண்டும் என்ற விதி வந்தது. 1978-இல் குடியரசின் புதிய அரசியலமைப்பு வரைவில், ஜார்ஜியமே அரசு மொழி என்ற பிரிவைக் காணவில்லை. ஏப்ரல் 14 அன்று தலைநகர் திபிலீசியின் ருஸ்தாவேலி சாலையில் ஆயிரக்கணக்கானவர்கள், பெரும்பாலும் மாணவர்கள், திரண்டார்கள். கட்சித் தலைவர் எதுவார்த் ஷெவர்த்நாத்சே கூட்டத்திடம் வந்து பேசினார். பிரிவு திரும்பவும் சேர்க்கப்பட்டது. துப்பாக்கி வெடிக்காமல் அது முடிந்தது. இன்று அந்த நாள் ஜார்ஜிய மொழி நாள்.

இந்த வெற்றியோடு சொல்ல வேண்டிய இன்னொன்று உண்டு. 1938-இல், ஜார்ஜியாவின் வடமேற்கிலுள்ள அப்காசியர்களின் மொழியை ஜார்ஜிய எழுத்தில் எழுத வைத்தார்கள், 1940-களின் நடுவில் அப்காசியப் பள்ளிகளை ஜார்ஜிய மொழிக்கு மாற்றினார்கள். ஸ்டாலின் இறந்தபின் 1954-இல் எழுத்து மறுபடி மாறியது, மனக்காயம் ஆறவில்லை. மேற்கு ஜார்ஜியாவில் பேசும் மெங்ரேலியமும் ஸ்வானியமும் இன்றுவரை வீட்டு மொழிகளாகவே நிற்கின்றன. தன் மொழிக்காகத் தெருவில் நின்றவர்கள் பக்கத்து வீட்டு மொழியையும் அதே அக்கறையோடு பார்த்திருக்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

வீட்டில் மொழி தழைத்த இடம் சாப்பாட்டு மேசை. சுப்ரா என்னும் விருந்தில் தமாடா என்பவர் ஒவ்வொரு வாழ்த்தாகச் சொல்லி நடத்துவார். அமைதிக்கு, நாட்டுக்கு, கூடிய காரணத்துக்கு, பெற்றோருக்கு, மறைந்தவர்களுக்கு. மறைந்தவர்களுக்கான வாழ்த்தையடுத்துப் பிள்ளைகளுக்கான வாழ்த்து வந்தே தீரும். ஸ்டாலின் கால ஒடுக்குமுறையில், 1937-இல் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களைப் பள்ளியில் பேச முடியாது, மேசையில் நினைக்கலாம். கவிதை வரியும் ஊர்ப்பேச்சும் நீண்ட வாக்கியமும் பிள்ளைகளின் காதில் விழுந்தது அங்கேதான். விருந்தாளியாகப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. தமாடா சொல்லும் முன் ஒயினைத் தொடாதீர்கள். அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லாமல் அதே பொருளில் உங்கள் வரி ஒன்றைச் சேருங்கள். ‘அலவெர்தி’ என்று உங்களிடம் வாழ்த்தை ஒப்படைத்தால் மறுக்கக் கூடாது. பீர் கோப்பையை உயர்த்தி வாழ்த்துச் சொல்வதை மூத்தவர்கள் அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். எல்லாக் கோப்பையையும் காலி செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை, ஒரு மிடறு போதும், ஆனால் பேச்சின் நடுவே கவனம் சிதறக் கூடாது.

திபிலீசியில் மருத்துவம் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்தி: ஜார்ஜிய இலக்கணத்தில் சில இடங்கள் தமிழருக்குக் கைவந்தவை. தெலாவி என்பது ககேத்தியின் ஊர். ‘தெலாவ்ஷி’ என்றால் தெலாவியில், ‘தெலாவிதான்’ என்றால் தெலாவியிலிருந்து. உருபு பின்னால்தான் ஒட்டும். ஆண்பால் பெண்பால் வேறுபாடே இல்லை. கடினம் ஒலியில் இருக்கிறது. ககரத்திலேயே மூன்று: குரலுள்ளது, மூச்சு விடுவது, தொண்டையை அடைத்து வெடிப்பது. மூன்றாவதற்கு, வாய்முன் ஒரு காகிதத்தைப் பிடித்துச் சொல்லிப் பழகுங்கள். காகிதம் ஆடினால் மூச்சு விட்டுவிட்டீர்கள். எண்கள் இருபது இருபதாகப் போகும்: நாற்பது என்பது இரண்டு இருபது, ஐம்பது என்பது இரண்டு இருபதும் பத்தும். சந்தையில் விலை கேட்கும்முன் இதைப் பழகிவிடுவது நல்லது.

பண்ணைகள் ஒதுக்கிய ரகங்கள் பல, கொல்லை வேலிகளிலும் மரங்களின்மேலும் படர்ந்து தப்பின. இன்று ஜிகவுராவில் உள்ள அரசு நாற்றங்கால் தொகுப்பில் நூற்றுக்கணக்கான ரகங்கள் வளர்கின்றன. உங்கள் கண்ணில் அப்படி ஒரு பழங்கொடி பட்டால் செய்ய வேண்டியது: கொடி உறங்கும் ஜனவரி, பிப்ரவரியில், சென்ற வருடம் வளர்ந்த பென்சில் கனக் கிளையை 30, 40 சென்டிமீட்டராக வெட்டுங்கள். கீழ்வெட்டு கண்ணுக்கு நேர் கீழேயும் மேல்வெட்டு கண்ணிலிருந்து இரண்டு விரல் தள்ளியும் இருக்கட்டும். கட்டுகளாகக் கட்டி, ஈர மணலில், 2 முதல் 4 டிகிரி குளிரில் மார்ச் வரை வைக்கலாம். நேரே மண்ணில் ஊன்றிவிட ஆசை வரும். திராட்சை வேரைத் தாக்கும் பிலாக்சரா பூச்சி 1880-களிலேயே ஜார்ஜியாவுக்கு வந்துவிட்டது, சொந்த வேரில் நிற்கும் கொடி சில வருடங்களில் பட்டுப்போகும். எதிர்ப்புள்ள அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டி, 26 முதல் 28 டிகிரி வெப்பமும் ஈரமும் உள்ள அறையில் சுமார் மூன்று வாரம் வைத்தால் ஒட்டு கூடும். தாய்க்கொடியின் இலை செப்டம்பரிலேயே சிவந்து ஓரம் சுருண்டிருந்தால் இலைச்சுருள் வைரஸ் இருக்கக்கூடும். சிவப்பு ரகங்களில் இது தெளிவாகத் தெரியும், வெள்ளையில் லேசான மஞ்சளாக மட்டும் இருக்கும். சந்தேகம் இருந்தால் ஆய்வகத்தில் சோதித்துவிட்டு ஒட்டுங்கள். பழைய மரம் ஆயிற்றே என்று அதை வெட்டிவிடவும் வேண்டாம். நுனிமொட்டு வளர்ப்பால் வைரஸ் நீங்கிய கன்று எடுக்க அந்தத் தாய்க்கொடிதான் வேண்டும்.